விலகிப் போன வலப்பக்கம்

எனக்கு வலப்பக்க மார்பு வளரவில்லை. பதிமூன்று வயதில் இடப்பக்கம் மட்டும் வளர்ந்தபோது, "இன்னொண்ணு பொறவு வரும் கண்ணு" என்று அம்மா சொன்னார். பதினாறு வயதான பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. டாக்டரிடம் யாரும் கூட்டிப் போகவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எதற்கு டாக்டர்? பனியன் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொள்ளப் பழகினேன். வெயில் காலத்தில் வேர்வையில் ஊறி நமைக்கும். முப்பத்தேழு வயது வரை அப்படியே ஓடியது.

கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் செல்வராஜ் நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ரோல் ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டுகிறார். முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதினான்கு வருஷம் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நான், அவர், அவருடைய அம்மா என்று மூன்று பேர். அத்தைக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது.

வேலம்பாளையத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், சேம்பிள் செக்‌ஷனில் எனக்கு வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் முதல் பீஸை மேஜையில் விரித்து, இஞ்ச் டேப்பால் அளந்து, அளவுத் தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கால் இஞ்ச் வித்தியாசம் இருந்தாலும் என்னிடம் சிக்கிவிடும்.

ஒருநாள் பெண்கள் டாப்ஸ் ஒன்றை உடுத்திக் காட்ட வழக்கமாக வரும் பெண் வரவில்லை. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, உங்க சைஸ்தான். நீங்களே போட்டுக் காட்டுங்க" என்றாள். மறுக்க வழி தெரியவில்லை. இறுக்கமான துணி. உள்ளே வைத்திருந்த மடிப்பு துருத்தித் தெரிந்தது. அதை எடுத்துவிட்டுப் போட்டேன். வலப்பக்கம் துணி தொய்ந்து சுருக்கம் விழுந்தது. அவள் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, "ரைட் சைடு லூஸா வருது மாஸ்டர். பேட்டர்ன் தப்பு" என்றாள்.

மாஸ்டர் அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். துணி வெட்ட வைக்கும் காகித பேட்டர்னை எடுத்து வந்து இரண்டாக மடித்துக் காட்டினார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுதானுங்களே, பாருங்க" என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு பேட்டர்னில் இல்லை, என் உடம்பில் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவர் சாயங்காலம் வரை உட்கார்ந்து, சரியாக இருந்ததைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செல்வராஜிடம் சொன்னேன். "ஏனுங்க, இதுக்கு ஆப்பரேஷன் இருக்குதாமா. நான் பண்ணிக்கலாம்னு இருக்கறனுங்க."

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்காகன்னா வேண்டாம் கோகிலா."

"உங்களுக்காக இல்லீங்க."

"அப்பச் சரி" என்றார். பதினான்கு வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்தார்கள். சிலிக்கான் நிரப்பிய ஒரு பையை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பார்கள். அதற்கு இம்பிளாண்ட் என்று பெயர். அதை வைப்பதற்குத் தசைக்குக் கீழே ஓர் இடம் பிரித்து எடுப்பார்கள். அந்த இடம் சரியான அளவில் இருக்க வேண்டும். இருக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஆப்பரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் எங்கோ இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை.

அத்தையிடம், மார்பில் சின்னக் கட்டி, எடுத்தால் போதும் என்று சொன்னோம். சொன்னது நான்தான். அவர் பயந்துபோய், "அந்தக் கட்டியா அம்மிணி?" என்று கேட்டார். கேன்சர் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லமாட்டார். "இல்லீங்கத்தை, சாதாரணக் கட்டிதான்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம். இந்த வயசில் இதுக்கா போய்ப் படுத்தாய் என்று கேட்டுவிட்டால் என்னிடம் பதில் இல்லை.

கட்டுப் பிரித்த அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்றேன். வீங்கி, கன்னிப்போய், தையல் தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் இருந்தது. அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆறு வாரம் என் வாழ்க்கையில் நல்ல வாரங்கள்.

ஏழாவது வாரத்தில் பிரா போடும்போது வலது கம்பி ஒரு மாதிரி குத்தியது. குளியலறையில் இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன். நெஞ்சின் நடு எலும்பிலிருந்து மார்க்காம்பு வரை இடப்பக்கம் நாலு இஞ்ச். வலப்பக்கம் நாலே கால். தேதி போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து நாலரை. மல்லாந்து படுத்தால் அந்தப் பை அக்குள் பக்கமாக நழுவிப்போவது எனக்கே தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தால் பாதி திரும்பி வரும், முழுசாக வராது. உடம்புக்குள் ஒரு பொருள் தன் இஷ்டத்துக்கு நகர்வதை உணர்வது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் யாராவது இடித்தால் கையை மடக்கி அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வேன்.

ஆப்பரேஷன் செய்த டாக்டர் இளவயதுக்காரர், நிதானமாகப் பேசுவார். "மூணு மாசம் ஆகணும்மா. வீக்கம் வடிஞ்சு தானா செட்டில் ஆகும்" என்றார்.

நான் சீட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"டேப் வச்சு அளக்காதீங்கம்மா. இதென்ன துணியா? யாருக்குமே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நீங்க எத்தனாவது நாள் வேலைக்குப் போனீங்க?"

"பதினஞ்சாவது நாளுங்க."

"பாத்தீங்களா" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேல் அலமாரியிலிருந்து சேம்பிள் பெட்டி இறக்கியது, பீஸ் கட்டைத் தூக்கியது என்று திரும்பி வரும் வழியெல்லாம் நானே என் மீது கேஸ் எழுதிக்கொண்டு வந்தேன். அகலமான பட்டியால் அழுத்திக் கட்டச் சொன்னார். கட்டினேன். நாலே முக்கால். அடுத்த மாதம் ஐந்து.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி நடந்தால், எழுதி வையுங்கள். அளப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒரு டாக்டர் சீட்டை வாங்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் பிறகு பலன் அனுபவித்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் கம்பெனியில் குளிர் எடுத்தது. மேஜை மேலிருந்த துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். வலப்பக்கம் சூடாக, சிவந்து, தொட்டால் உயிர் போனது. செல்வராஜ் பாதி லோடோடு டெம்போவைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்து என்னைக் கூட்டிப் போனார். இந்த முறை வேறு மருத்துவமனை, வேறு டாக்டர். அதுவும் கோயமுத்தூர்தான்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என்னை உட்காரவைத்து, படுக்கவைத்து, இடுப்பில் கையை அழுத்தச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எப்ப இருந்து நகருது?" என்றார். நான் பயந்துகொண்டே பர்ஸிலிருந்து சீட்டை எடுத்தேன். அவர் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, மேலிருந்து கீழ்வரை படித்தார். நர்ஸிடம் கொடுத்து, "இதை ஃபைல்ல பின் பண்ணுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் உடைந்துபோனேன்.

"உள்ள வைக்கறதுக்கு எடுத்த இடம் அக்குள் பக்கம் பெரிசாப் போயிருக்கு" என்று விளக்கினார். "பெரிய பைல சின்னச் சாமான் போட்டா ஒரு ஓரமாப் போய்க் கிடக்குமில்ல, அந்த மாதிரி. நீங்க வேலைக்குப் போனதால மட்டும் இது ஆகாது. இப்ப சுத்தி நீர் கோத்திருக்கற மாதிரி தெரியுது. சீழ் புடிச்சிருக்கான்னு ஸ்கேன்ல பாக்கணும்."

ஸ்கேனுக்குக் காத்திருக்கும் இடம் கீழ்த்தளத்தில் இருந்தது. மார்பு ஸ்கேன் எடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கேன்சர் நோயாளிகள். தலையில் துண்டு கட்டிய பெண்கள், கையில் பெரிய கவர்கள். பக்கத்தில் இருந்தவர் மடத்துக்குளத்துக்காரர், ருக்குமணி என்று பேர். ஐம்பத்தெட்டு வயது, தோட்டம் காடுகளில் கூலி வேலைக்குப் போகிறவர். என் முகத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத கண்ணு. எனக்கு எடுத்து ரெண்டு வருஷமாச்சு. நல்லாத்தான இருக்கறேன்? மொதல்ல கை வீங்கும். அந்தக் கைல வளையல் போடாத. ஊசி போட விடாத."

நான் தலையாட்டினேன். அவர் தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோறு கொடுத்தார். வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள் என்றேன். "எனக்கும் இப்படித்தான் பட்டினி போட்டாங்க" என்று மூடி வைத்தார். தன் கஷ்டத்தையெல்லாம் எனக்காகச் சொன்னார், மயிர் கொட்டியது, வாய் புண்ணானது, மருமகள் குளிக்க ஊற்றியது எல்லாம். ஒன்றரை மணி நேரம் ஒரு பொய்யை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய தைரியத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் முடியவில்லை.

"அக்கா, எனக்குக் கேன்சர் இல்லீங்க."

சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் வளராதது, பை வைத்தது, அது நகர்ந்தது, எல்லாம். அவர் என் கையை விட்டுவிட்டார். தூக்குப்போசி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"நானும் டாக்டர்கிட்டக் கேட்டனுங்க" என்றார், திடீரென்று எனக்கு மரியாதை கொடுத்து. "எடுத்த எடத்துல வேற வெக்கலாமான்னு. வெக்கலாம்னாங்க. எம்மகன்தான், இந்த வயசுல அதென்னத்துக்கும்மா, யாரு பாக்கறாங்கன்னான். நான் பாக்கறனல்லோ. அதைச் சொல்லத் தெரியாம வந்துட்டேன்."

அதற்குள் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். கவரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது நான் உள்ளே இருந்தேன். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

எம்.ஆர்.ஐ. மெஷினில் குப்புறப் படுக்க வேண்டும். மார்புக்கென்று இரண்டு குழிகள் இருக்கும். அரை மணி நேரம் அசையக் கூடாது. இரும்புப் பட்டறைக்குள் தலையை விட்ட மாதிரி சத்தம். என் எடை முழுவதும் அந்த வலிக்கிற இடத்துக்கு மேல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தையல் லைனில் ஓடும் பீஸ்களை எண்ணுகிற மாதிரி எண்ணினேன். எண்ணூறு வரை ஞாபகம் இருக்கிறது.

பை பக்கவாட்டில் போனதோடு சாய்ந்தும் கிடந்தது. சுற்றிலும் சீழ். மருந்து கொடுத்து அதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர் அம்மா.

"திரும்ப எப்பங்க வெக்கறது?"

"மொதல்ல புண்ணு ஆறட்டும். ஆறு மாசம் போகணும். அதுவும் தோல் எப்படி இருக்குன்னு பாத்துத்தான் சொல்ல முடியும்."

அட்மிஷன் கவுன்ட்டரில் செல்வராஜ் கம்பெனி இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினார். உள்ளேயிருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், இது பியூட்டிக்குப் பண்ணினது. இதுல வர்ற பிரச்சினைக்கு கிளெய்ம் வராது" என்றான். கண்ணாடித் தடுப்பு இருப்பதால் சத்தமாகத்தான் பேசுவார்கள். வரிசையில் நின்றவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு நாற்காலியில் சுருண்டிருந்த என்னைப் பார்த்தார்கள். இவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க. கையில கட்டறேன்" என்றார். காது நுனி சிவந்திருந்தது. ஆனால் திரும்பி என்னிடம் வந்தபோது, "ரூம் மூணாவது மாடியாம். லிஃப்ட் இருக்குது" என்று மட்டும்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் கையை வைத்துப் பார்த்தேன். கட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. முன்னால் இருந்ததும் இல்லை. ஒரு பள்ளம் மாதிரி இருந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் வந்து, கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் குப்பியில் முடிந்தது. உள்ளே ஊறும் கெட்ட நீரை அது இழுத்துக்கொள்ளும். தினமும் அளந்து கொட்ட வேண்டும். அளவு குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள்.

நர்ஸ் செய்கிற வேலை அது. இரண்டாம் நாள் செல்வராஜ், "எனக்குக் காட்டிக் குடுங்க சிஸ்டர், ஊட்டுக்குப் போனா நான்தான பண்ணோணும்" என்று கற்றுக்கொண்டார். டெம்போ ஓட்டுகிற தடித்த விரல்களால் மூடியைத் திறந்து, அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்வார். அறுபது மில்லி. நாற்பத்தைந்து. மறுபடியும் அறுபது என்று வந்த அன்றைக்கு அவர் முகம் விழுந்துபோனது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் நர்ஸ் கட்டு மாற்ற வரும்போது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். அந்த இடத்தை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தை ஒரு நாள் வந்தார். வாசலிலேயே நின்று, "திரும்பியும் வந்துருச்சா அம்மிணி?" என்றார். முதலில் எடுத்த கட்டி திரும்ப வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்திருந்தார். திரும்ப வருகிற கட்டி எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் செல்வராஜைப் பார்த்தேன். அவர் குழாயைப் பார்த்தார். இருவரும் மறுக்கவில்லை. அத்தை என் காலைத் தடவிக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குழந்தை இல்லை என்று ஒரு காலத்தில் என்னைப் பேசாத பேச்சு பேசியவர் அவர்.

பதினோராம் நாள் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் அம்மா சொன்ன ஆறு மாதம் முடிந்து, அதற்கு மேலும் இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான் இன்னும் போகவில்லை. போவேனா என்றும் தெரியவில்லை. சில நாள் போகலாம் என்று தோன்றும். வலது கையைத் தூக்கினால் தழும்பு இழுக்கும். அன்றைக்கு வேண்டாம் என்று தோன்றும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அத்தை இல்லை. பக்கத்து வீட்டம்மாவோடு பழனிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். சாயங்காலம் வந்தார். முக்காட்டை எடுத்ததும் பார்த்தேன். தலை மழுங்க மழித்து, சந்தனம் பூசியிருந்தது. எழுபது வயதிலும் அவருக்கு முடி இடுப்புக்கு இருக்கும். தினமும் விளக்கெண்ணெய் தேய்த்துச் சிக்கெடுப்பார்.

"உனக்குத்தான் வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசினார்.

அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. செல்வராஜ் கண்ணைக் காட்டினார், வேண்டாம் என்று. சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்தக் கட்டி இல்லியா?"

"இல்லீங்கத்தை."

"மொதல்லயும்?"

"கட்டியே இல்லீங்கத்தை."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஊரெல்லாம் சொல்லி அழுதனே" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வரும், மாத்திரையும் தண்ணீரும் வரும், பேச்சு வராது. அந்த மொட்டைத் தலை வீட்டுக்குள் நடமாடும்போதெல்லாம் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் சாமளாபுரத்திலிருந்து என்னைப் பார்க்க ஒறம்பரை வந்தார்கள், அத்தையின் தங்கையும் அவர் மகளும், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று ஆரம்பித்தார்கள்.  அத்தை சமையலறையிலிருந்து காப்பியோடு வந்தார். இப்போது உண்மையை உடைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. எடுத்தாச்சு. இனி வராதுன்னுட்டாங்க. காப்பி ஆறுது, குடிங்க" என்றார். அதற்கு மேல் அவர்களைக் கேட்கவிடவில்லை.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். என் முன்னால் வந்து நின்றார்.

"காட்டு" என்றார்.

ஜாக்கெட்டைக் கழற்ற எனக்கு நேரம் பிடித்தது. டாக்டர், நர்ஸ் தவிர யாரும் பார்க்காத இடத்தை அவர் குனிந்து பார்த்தார். தழும்பை, அதற்கு மேலே இருந்த பள்ளத்தை, பிறகு இடப்பக்கத்தை. முகம் மாறவில்லை.

"இது வயசுக்கு வந்ததுல இருந்தேவா?"

"ஆமாங்கத்தை."

"பதினாலு வருஷமா ஒரே ஊட்ல இருக்கறோமே அம்மிணி."

 அவர் என் வலது கையை மெல்லப் பிடித்து ஜாக்கெட்டுக்குள் விட்டு, இழுத்துச் சரிசெய்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவி, ஹூக்குகளைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.